ஏரிக்கும் ஒரு கணக்கு நோட்டு



குழு தொடங்கிய நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேமித்தோம். வங்கிக்குப் போனபோது நம் முகத்தைப் பார்த்து யாரும் கடன் தரவில்லை. சேமிப்பு நோட்டு, உள்கடன் நோட்டு, தீர்மான நோட்டு மூன்றையும் மேசைமேல் வைத்தோம். அவற்றைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் "உட்காருங்கம்மா" என்றார்கள். வாய்வார்த்தைக்குக் கிடைக்காத மரியாதை நோட்டுக்குக் கிடைத்தது.

பணத்துக்கு நோட்டு வைத்தோம். நமக்குச் சோறு போடும் ஏரிக்கு நோட்டு வைத்தோமா? ஏரித் தண்ணீரைத் தானாகவே அளந்து எழுதி வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைப் பற்றிச் சில குழுக் கூட்டங்களில் கேட்டீர்கள். அது என்ன, அதனால் நமக்கு என்ன லாபம், எதில் ஏமாறக் கூடாது என்பதை இந்த இதழில் எழுதுகிறோம்.

மீன் செத்தது எப்போது? தண்ணீர் எடுத்தது எப்போது?

சில வருடங்களுக்கு முன், ஏரிக்கரை ஊர் ஒன்றில் விடியற்காலையில் மீன்கள் செத்து ஒதுங்கின. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். அன்று வருமானம் இல்லை. மறுநாளும் இல்லை. தகவல் போய், ஆள் வந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்தது மூன்றாம் நாள் பகல் 12 மணிக்கு. "தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை" என்று பிறகு பதில் வந்தது. அந்த ஊர் அக்கா ஒருவர் எங்களிடம் கேட்டார்: "அப்போ மீனு தானா செத்துப் போச்சா மேடம்?"

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் இது நடக்கும். எப்படி?

நாம் காற்றில் மூச்சு விடுகிறோம். மீனும் இறாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத்தான் மூச்சாக எடுக்கின்றன. அது லிட்டருக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்கு நல்லது. 3-க்குக் கீழே போனால் திணறும், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 2-க்கும் கீழே போய் அப்படியே நின்றால் பல மீன்கள் சாகும்.

இந்த ஆக்ஸிஜன் நாள் முழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பகலில் வெயில் இருக்கும்போது தண்ணீரில் உள்ள பாசியும் செடியும் ஆக்ஸிஜனை வெளியே விடுகின்றன. இரவில் அவை ஆக்ஸிஜன் விடுவதில்லை. மீனைப் போல அவையும் அதை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். கழிவும் அழுகிய செடியும் மட்கும்போது இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போகும் நேரம் விடியற்காலை. பகல் 12 மணிக்கு அது மறுபடி ஏறியிருக்கும். பாட்டிலில் பிடித்தது பகல் தண்ணீர். மீனைக் கொன்றது விடியற்காலைத் தண்ணீராக இருந்திருக்கலாம்.

கோடையில் ஆபத்து கூடும். சூடு ஏற ஏற, உப்பு ஏற ஏற, தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். 30 டிகிரி சூட்டில் உப்பில்லாத தண்ணீர் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் வரை பிடித்து வைக்கும். அதே சூட்டில் கடல் தண்ணீர் சுமார் 6 தான் பிடிக்கும். நம் ஏரியோ ஆழம் குறைந்தது, சீக்கிரம் சூடாகும். முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் கடல் தண்ணீர் வந்து போவதும் நின்றுவிடும்.

அன்று விடியற்காலை 4 மணிக்கு ஏரித் தண்ணீர் எப்படி இருந்தது என்று எழுதி வைத்த நோட்டு யாரிடமும் இல்லை. அந்த நேரத்துக்கு விழித்திருந்து எழுதக்கூடிய ஒன்றுதான் இந்தப் பெட்டி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். டி.வி. மாதிரி திரை கிடையாது, தட்டுகிற பலகையும் கிடையாது. ஏ.டி.எம். கார்டு அளவில் ஒரே ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். இந்த வகையில் பெயர் பெற்றது ராஸ்பெர்ரி பை. பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் உருவாக்கினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அப்போது ஒரு பலகை 35 டாலர். 2016-ல் பள்ளிகளில் வானிலை அளக்க இதே பலகையை வைத்து ஆயிரம் பெட்டிகள் கொடுத்தார்கள். மழை, காற்று, வெப்பம் எல்லாவற்றையும் பிள்ளைகளே பதிவு செய்தார்கள்.

பலகையின் ஓரத்தில் வரிசையாகக் கம்பி முனைகள் இருக்கும். அவற்றில் சென்சார்களை இணைப்பார்கள். சென்சார் என்றால் தொட்டுப் பார்க்கும் விரல் மாதிரி. வெப்பத்துக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு ஒன்று, புளிப்பு காரத் தன்மைக்கு ஒன்று, நீர்மட்டத்துக்கு ஒன்று. விரல் உணர்வதைப் பலகை எண்ணாக மாற்றி, தேதி, மணியோடு ஒரு சின்ன மெமரி கார்டில் எழுதும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் ஒரு நாளைக்கு 96 தடவை, 30 நாளைக்கு 2,880 தடவை. ராத்திரி பகல் பார்க்காது.

கூட்டமைப்புக் கூட்டத்தில் இப்படி ஒரு பெட்டியை மேசைமேல் வைத்துக் காட்டினோம். ஆற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீர், கடல் தண்ணீர் என்று மூன்று வாளி. சென்சாரை விடுவதற்கு முன்பே ஒரு பெரியம்மா ஒவ்வொன்றிலும் விரலை நனைத்து நாக்கில் வைத்து, எது எந்தத் தண்ணீர் என்று சரியாகச் சொல்லிவிட்டார். பெட்டியும் அதே வரிசையைத்தான் காட்டியது.

"நாக்கு சொல்றததான் பெட்டியும் சொல்லுது. அப்புறம் எதுக்கு இது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் நல்ல கேள்வி. பெரியம்மாவின் நாக்குக்குத் தெரிந்ததைப் பெட்டி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. போன மாதம் 14-ம் தேதி விடியற்காலை எவ்வளவு உப்பு என்று கேட்டால் நாக்கால் சொல்ல முடியாது. நாக்கைக் கவரில் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பவும் முடியாது. எண்ணை அனுப்பலாம். பெட்டிக்கு வேலை அவ்வளவுதான்.

எது எதைச் சொல்லும்?

வெப்பம்: விலை குறைந்த சென்சார். தண்ணீர் புகாத வகை கிடைக்கிறது. அரை டிகிரி முன்னே பின்னே சரியாகச் சொல்லும்.

உப்பு: கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. மழைக்காலத்தில் ஆரணியாறு வெள்ளம் வரும்போது நம் பக்கம் உப்பு இறங்கும். கோடையில் முகத்துவாரம் மூடி, தண்ணீர் ஆவியாக ஆவியாக ஏறும். எந்த வாரம், எந்த இடத்தில், எவ்வளவு என்று தெரிந்தால் இறால் வரத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நீர்மட்டம்: முகத்துவாரம் திறந்திருந்தால் கடலோடு சேர்ந்து ஏரித் தண்ணீரும் நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வடியும். மணல் அடைக்க அடைக்க இந்த ஏற்ற இறக்கம் குறைந்துகொண்டே வரும். இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வரும் வழி அதுதான். "அடைச்சிக்கிச்சு" என்று நாம் சொல்வதற்கும், "இந்தத் தேதியிலிருந்து ஏற்ற இறக்கம் நின்றுவிட்டது" என்று கோடு போட்டுக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

ஆக்ஸிஜன்: மிக முக்கியமானது இதுதான். விலையும் இதற்குத்தான் அதிகம். நல்ல ஆக்ஸிஜன் சென்சார் கம்ப்யூட்டர் பலகையைவிடப் பல மடங்கு விலை. "கம்மி விலையில் எல்லாம் செய்து தருகிறோம்" என்று யாராவது வந்தால், ஆக்ஸிஜன் சென்சார் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

பெட்டியால் முடியாதது

எண்ணெய், பாதரசம் போன்ற உலோகங்கள், ஆலையிலிருந்து வரும் பல வேதிப்பொருள்கள், இவற்றை இந்தப் பெட்டி காட்டாது. அவற்றுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதை மக்களின் கண்ணும் மூக்கும்தான் முதலில் சொன்னது. அங்கே பெட்டி இருந்திருந்தாலும் எண்ணெய் என்று எழுதியிருக்காது.

யார் செய்தது என்பதையும் பெட்டி சொல்லாது. ஆக்ஸிஜன் குறைந்தது என்று சொல்லும். அது ஆலைக் கழிவாலா, இறால் பண்ணைத் தண்ணீராலா, நம் ஊர்ச் சாக்கடையாலா என்று நாம்தான் தேட வேண்டும். ஒருவேளை விரல் நம் பக்கமே திரும்பலாம். நோட்டு வைத்தால் வரவும் எழுத வேண்டும், செலவும் எழுத வேண்டும். நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் காட்டினால் அடுத்த முறை நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

ஏரியில் வைத்த எதிலும் பாசி படியும், சிப்பி ஒட்டும். படகின் அடியைப் பார்க்கிற நமக்கு அது தெரியாதா? சென்சார் மேல் பாசி படிந்தால் எண் தப்பாக வரும். ஆனால் பெட்டி தப்பாக எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு தடவையாவது எடுத்து மென்மையான துணியால் துடைக்க வேண்டும். அளவு தெரிந்த தண்ணீரில் விட்டு, சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தராசுக்கு முத்திரை போடுவது போலத்தான் இது.

இன்னொன்று கடிகாரம். இந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. இன்டர்நெட் கிடைத்தால் அதிலிருந்து மணி பார்த்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத இடத்தில் கரண்ட் நின்று திரும்ப வந்தால் தப்பு மணியோடு எழுதும். விடியற்காலைக் கணக்குக்காகத்தானே வைக்கிறோம்? மணியே தப்பானால் என்ன பயன்? ஆகவே பட்டன் பேட்டரி போட்ட சின்னக் கடிகாரம் ஒன்றைச் சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும்.

கரண்ட் அதிகம் வேண்டாம். இதில் சின்ன வகைப் பலகை சுமார் 1 வாட் தான் எடுக்கும். சென்சாரும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். சின்ன சோலார் தகடும் ஒரு பேட்டரியும் போதும். வீட்டு லைனிலிருந்து வயர் இழுத்துத் தண்ணீர் பக்கம் கொண்டுபோவது வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

கடலூர் பெண்கள், ஆண்கள் செய்தது

"நாம எழுதினா யார் நம்புவாங்க?" என்று கேட்பீர்கள். கடலூர் சிப்காட் பக்கத்துக் கிராமத்து மக்களைப் பாருங்கள். அங்கே ரசாயன ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. நாற்றம் தாங்கவில்லை, கண் எரிகிறது என்று எத்தனையோ வருடம் சொன்னார்கள். ஆதாரம் கேட்டார்கள். பிறகு ஊர்க்காரர்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன மாதிரி நாற்றம், காற்று எந்தப் பக்கம், உடம்புக்கு என்ன செய்தது, எல்லாவற்றையும் எழுதினார்கள். அழுகிய முட்டை நாற்றம், நெயில் பாலிஷ் நாற்றம் என்று தங்களுக்குத் தெரிந்த வார்த்தையிலேயே எழுதினார்கள்.

நாற்றம் வரும் நேரத்திலேயே ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாளி முறை கலிபோர்னியாவில் 1990-களில் ஆலைப் பக்கத்து மக்களுக்காக வந்தது. 2004-ல் வெளியான முடிவில், அந்தக் காற்றில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருந்தது தெரிந்தது. புற்றுநோய் உண்டாக்கக் கூடியவையும் அதில் உண்டு. அதன் பிறகு "வெறும் நாற்றம்தானே" என்று தள்ளிவிட முடியவில்லை.

அவர்களின் பலம் வாளி மட்டும் இல்லை. நாற்றம் வந்த அதே நேரத்தில் பிடித்தார்கள். விடாமல் எழுதினார்கள். நமக்கும் அதுதான் பாடம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். 1974-ம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, நடவடிக்கைக்கு ஆதாரமாகச் செல்லும் தண்ணீர் மாதிரியை அதிகாரிகள்தான் முறைப்படி எடுக்க வேண்டும். நம் பெட்டியின் எண் அதற்குப் பதில் ஆகாது. "இந்த மூன்று வாரமும் விடியற்காலை 3 முதல் 6 மணி வரை இந்த இடத்தில் ஆக்ஸிஜன் 3-க்குக் கீழே. அந்த நேரத்துக்கு வந்து மாதிரி எடுங்கள்" என்று தேதி, மணியோடு மனு கொடுக்க அது உதவும். அப்படிக் கேட்டால் பகல் 12 மணி பாட்டிலோடு முடித்துவிட முடியாது. வாரியம் எடுத்த அளவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் கேட்டு வாங்கி, நம் நோட்டோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

பெட்டி வைக்கும் முன் கேட்க வேண்டியவை

1. அனுமதி: நம் ஏரி 1980 முதல் பறவைகள் சரணாலயம். வனத்துறையிடம் கேட்காமல் ஒரு கம்பம்கூட நடக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்திலும் சொல்ல வேண்டும். பாடு முறையில் வலை போடும் இடத்துக்கும் படகு வழிக்கும் இடைஞ்சல் இருக்கக் கூடாது.

2. கணக்கு யாருக்குச் சொந்தம்: கல்லூரியோ நிறுவனமோ பெட்டி கொடுத்தால், எண்களின் ஒரு பிரதி மாதா மாதம் கூட்டமைப்பிடம் இருக்க வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

3. யார் வேலை: ஏற்கெனவே வீடு, மீன் கூடை, பிள்ளை, கூட்டம் என்று இருக்கிறோம். இன்னொரு இலவச வேலையைப் பெண்கள் தலையில் ஏற்றக் கூடாது. முறை வைத்து இருவர் இருவராகச் செய்யலாம். திட்டப் பணம் இருந்தால் அதில் படியும் கேட்க வேண்டும். யாரும் தனியாக இருட்டில் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

4. கெட்டுப்போனால்: எந்தப் பெட்டியும் ஒருநாள் நிற்கும். சரிசெய்ய யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள்? இதற்குப் பதில் இல்லாத பெட்டி, மூன்றாம் மாதம் பரண்மேல் ஏறும்.

பெட்டி வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா?

வேண்டாம். நாளைக்கே தொடங்கலாம். கரையில் ஏற்கெனவே இருக்கும் கல் தூணிலோ படித்துறையிலோ அடிக்கணக்கு குறித்தால் நீர்மட்டம் தெரியும். கடையில் வாங்கும் தெர்மாமீட்டர் போதும் வெப்பத்துக்கு. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று கயிற்றில் அளந்தால் தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று தெரியும். இது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. இத்தாலியில் செக்கி என்ற பாதிரியார் 1865-ல் செய்து காட்டியது. இன்றும் உலகம் முழுக்க ஏரிகளில் இதைச் செய்கிறார்கள்.

ஒரு நோட்டு எடுத்துக் கோடு போடுங்கள்: தேதி, மணி, இடம், நீர்மட்டம், வெப்பம், தட்டு மறைந்த ஆழம், நாக்குக்கு உப்பு எப்படி, நாற்றம் உண்டா, என்ன மீன் கிடைத்தது, எழுதியவர் கையெழுத்து. தினமும் முடியாவிட்டால் வாரம் இரண்டு நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். நாளைக்குப் பெட்டி வந்தாலும் இந்த நோட்டை நிறுத்தக் கூடாது. பெட்டி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க இதுதான் சாட்சி.

எழுதியதைப் பூட்டி வைக்கவும் கூடாது. புதுச்சேரி வீராம்பட்டினத்தில் 1998-ல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்திலிருந்து, அடுத்த நாள் அலை எவ்வளவு உயரம் என்று இன்டர்நெட்டில் பார்த்து ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். அதே திட்டம் நடந்த நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். உடனே அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள். தகவல் ஊர்க் காதில் விழுந்தது, அதனால் உயிர் பிழைத்தது. நம் ஏரிக் கணக்கும் வாரம் ஒருமுறை மீன் இறங்கும் துறையில் கரும்பலகையில் எழுதப்பட வேண்டும். ஆண்களும் பார்க்கட்டும், பிள்ளைகளும் பார்க்கட்டும்.

அடுத்த கூட்டத்தில்

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தக் கட்டுரையைக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அளப்பது, யார் யார் எழுதுவது, நோட்டு யார் வீட்டில் இருக்கும் என்று பேசி முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்கள் ஒதுங்க வேண்டாம். தண்ணீரைப் பார்த்துச் சொல்ல அவர்களைவிடத் தெரிந்தவர் கிடையாது. பக்கத்தில் ஒரு பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

"மீனு தானா செத்துப் போச்சா?" என்று கேட்ட அக்காவுக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அடுத்த முறை இப்படி நடந்தால், நடக்க வேண்டாம், நடந்தால், அந்த விடியற்காலைப் பக்கத்தைத் திறந்து காட்ட நம்மிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.